அதிக வெப்ப இன்டரப்ட் ஒரு தடவை வந்துவிட்டு அப்புறம் ஏன் வருவதே இல்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். எல்எம்75 வகை வெப்பநிலை சிப் ஒன்றின் ஓஎஸ் காலை (சூடு வரம்பு தாண்டியதை அறிவிக்கும் பின்னை) மைக்ரோகன்ட்ரோலரின் இன்டரப்ட் உள்ளீட்டில் (நடக்கும் வேலையை நிறுத்தி நிரலைக் கூப்பிடும் உள்ளீட்டில்) ஒருவர் இணைத்திருக்கிறார். மேல் வரம்பு 70 டிகிரி செல்சியஸ், கீழ் வரம்பு 65. இன்டரப்ட் மோடில் வைத்தால் ஒரே ஒரு தடவை சிக்னல் வருகிறது, அதற்கப்புறம் எவ்வளவு சூடானாலும் பேச்சு மூச்சில்லை. கம்பரேட்டர் மோடுக்கு மாற்றினால் இன்டரப்ட் ரொட்டீன் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல் பகுதி) விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, வேறு எந்த வேலையும் நடப்பதில்லை. சிப் பழுதா, எந்த மோடு சரி என்று கேட்கிறார்.

சிப்பில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு மோடிலும் அது டேட்டாஷீட்டில் போட்டிருக்கிறபடிதான் நடந்துகொள்கிறது. "வெப்பம் அதிகம்" என்று அந்தக் கால் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் சிக்கல். கம்பரேட்டர் மோடில் மட்டும்தான் அது உண்மை. இன்டரப்ட் மோடில் அந்தக் கால் சொல்வது வேறு: "நீங்கள் கடைசியாக என்னைப் படித்ததற்குப் பிறகு ஒரு எல்லையைத் தாண்டினேன்." எந்த எல்லை என்றுகூடச் சொல்லாது.

உங்கள் எண்களையே வைத்து நடத்திப் பார்ப்போம். எல்எம்75 அரை டிகிரி படியில் அளக்கிறது. அளவு 69.5, 70, அப்புறம் 70.5 என்று ஏறுகிறது. 70.5 வந்ததும் சிப் ஓஎஸ் காலைக் கீழே இழுக்கிறது. உங்கள் நிரல் விழித்துக்கொண்டு வெப்பநிலை ரெஜிஸ்டரை (சிப் தன் அளவை வைத்திருக்கும் சிறு நினைவிடத்தை) படிக்கிறது. படித்ததுமே கால் விடுபட்டு மேலே போய்விடுகிறது. வெப்பநிலை ரெஜிஸ்டர் என்று இல்லை, எந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் இதுதான் நடக்கும். இப்போது 72, 78, 90 என்று ஏறட்டும், கால் அசையாது. ஏனென்றால் சிப் இப்போது காத்திருப்பது 65க்குக் கீழே இறங்குவதற்காக மட்டும். 64.5 வந்தால் மறுபடி காலை இழுக்கும். அதையும் படித்தால் விடும், அப்புறம் மறுபடி 70ஐத் தாண்டக் காத்திருக்கும். ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம் என்று மாறி மாறித்தான் செய்தி வரும். முதல் சிக்னலுக்குப் பிறகு போர்டு 65க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் இரண்டாவது சிக்னலுக்கு இடமே இல்லை.

கம்பரேட்டர் மோடு இதைவிட எளிது. 70ஐத் தாண்டினால் கால் கீழே, 65க்குக் கீழே போனால் கால் மேலே. நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. உங்கள் கன்ட்ரோலரின் இன்டரப்ட் உள்ளீடு லெவல் டிரிக்கரில், அதாவது கால் கீழே இருக்கும் வரை இன்டரப்ட் தரும் அமைப்பில், இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் ரொட்டீனை விட்டு வெளியே வந்த அடுத்த நொடியே கால் இன்னும் கீழேதான் இருக்கும், மறுபடி உள்ளே இழுத்துவிடும். போர்டு 65க்கு ஆறும் வரை இந்தச் சுழற்சி நிற்காது. கம்பரேட்டர் மோடை வைத்துக்கொள்வதானால் எட்ஜ் டிரிக்கருக்கு (கால் நிலை மாறும் கணத்தில் மட்டும் இன்டரப்ட் தரும் அமைப்புக்கு) மாற்றி, ஏறும் எட்ஜ் இறங்கும் எட்ஜ் இரண்டையும் பிடியுங்கள். அல்லது முதல் தடவை உள்ளே வந்ததுமே அந்த இன்டரப்டை மாஸ்க் செய்துவிட்டு, வெப்பம் தணிந்ததை டைமர் வழியாக உறுதி செய்துகொண்டு திரும்பத் திறந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது: அந்த ஒரே ஒரு சிக்னல் எப்போது வந்தது? உண்மையிலேயே சூடேறியபோதா, இல்லை பவர் கொடுத்துச் சில நூறு மில்லிசெகண்டுக்குள்ளேயா? பவர் கொடுத்த உடனே என்றால் பைட் வரிசையைப் பாருங்கள். எல்எம்75 பெரிய பைட்டை (எண்ணின் மேல் பாதியை) முதலில் அனுப்பும், முதலில் எதிர்பார்க்கும். எஸ்எம்பஸ் (ஐ2சி போலவே சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி முறை) வேர்டு பரிமாற்றமோ சின்ன பைட்டை முதலில் வைக்கும். 70 டிகிரி என்பது ஹெக்ஸில் 4600. புரட்டி எழுதினால் 0046. சிப் அதில் மேல் ஒன்பது பிட்டை மட்டும் பார்க்கும், அவை எல்லாமே பூஜ்யம். ஆக உங்கள் மேல் வரம்பு 0 டிகிரி. 65க்கும் இதே கதி, கீழ் வரம்பும் 0. மேசை மேல் சும்மா இருக்கும் போர்டே வரம்பைத் தாண்டியதாகிவிடும், ஒரு இன்டரப்ட் வரும். அப்புறம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் வரை சிப் காத்திருக்கும். "ஒரு தடவை வந்தது, அப்புறம் வரவே இல்லை" என்ற அதே அறிகுறிதான். வரம்பு ரெஜிஸ்டர் இரண்டையும் எழுதியதும் ஒவ்வொரு பைட்டாகத் திரும்பப் படித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. எழுதிய அதே ஃபங்ஷனின் ஜோடியை வைத்துப் படித்தால் அதுவும் புரட்டியே படித்து 70 என்று காட்டிவிடும், அதனால்தான் தனித்தனி பைட்டாகப் படிக்கச் சொல்கிறேன்.

இன்டரப்ட் காணாமல் போவதற்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு, இரண்டுமே சாதாரணமாக நடப்பவை. முதலாவது, அதே சிப்பை வேறு யாராவது படிப்பது. திரையில் வெப்பநிலை காட்டும் ஒரு டாஸ்க் வினாடிக்கொரு தடவை படிக்கிறது என்று வையுங்கள். வரம்பு தாண்டி கால் இறங்கிய அந்தக் கணத்தில் அந்த டாஸ்க் படித்துவிட்டால் கால் விடுபட்டுவிடும். எட்ஜ் டிரிக்கரில் இருந்தால் எட்ஜ் பதிவாகியிருக்கும், தப்பித்தீர்கள். லெவல் டிரிக்கரில், அந்த நேரம் பார்த்து இன்டரப்ட் மாஸ்க் ஆகியிருந்தால், ஒரு நிகழ்வே நடக்காத மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, கன்ட்ரோலர் மட்டும் ரீசெட் ஆகி சிப்புக்குப் பவர் போகாமல் இருப்பது. கால் ஏற்கெனவே கீழே கிடக்கும். நிரல் புதிதாக எழுந்து இறங்கும் எட்ஜுக்காகக் காத்திருக்கும். கீழே கிடப்பது இன்னொரு முறை இறங்க முடியாது, நிரலும் படிக்காது. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள். இன்டரப்டை இயக்கிய பிறகு ஒரு தடவை சும்மா படித்துவிட்டால் இது தீரும்.

ரீசெட்டில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. "முதல் இன்டரப்ட் என்றால் சூடு, இரண்டாவது என்றால் ஆறிவிட்டது" என்று ஒரு மாறியை மாற்றி மாற்றி வைக்கும் நிரல்கள் உண்டு. சிப் உள்ளே எந்தப் பக்கம் காத்திருக்கிறது என்பது ரீசெட் ஆன நிரலுக்குத் தெரியாது, கணக்கு ஒன்று தள்ளிப் போனால் கடைசி வரை தலைகீழாகத்தான் ஓடும். சூடேறும்போது விசிறியை நிறுத்தும், ஆறியதும் போடும். ஆகவே இன்டரப்ட் வந்தால் அதை வாசலில் யாரோ மணியடித்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வந்தது யார் என்று போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரொட்டீனுக்குள் ஒரு கொடியை (இன்டரப்ட் வந்தது என்று குறிக்கும் மாறியை) மட்டும் ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள், ஐ2சி பேச்சை அங்கே வைக்காதீர்கள். மெயின் லூப்பில் வெப்பநிலையைப் படித்து, அந்த எண்ணை வைத்து முடிவெடுங்கள். சூடு நிலைக்குப் போன பிறகு டைமர் வைத்து வினாடிக்கொரு தடவை படித்துக்கொண்டே இருங்கள், ஏனென்றால் 70லிருந்து 90க்குப் போனதை அந்தக் கால் சொல்லப்போவதில்லை. சாதாரண நேரத்திலும் நிதானமாக ஒரு போலிங் (அவ்வப்போது நிரலே போய்ப் படிப்பது) ஓடட்டும். இன்டரப்டும் போலிங்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பக் காவலில் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

ஃபால்ட் கியூ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வரம்பைத் தொடர்ந்து எத்தனை அளவீடு தாண்டினால் காலை இழுக்க வேண்டும் என்பது அது. எல்எம்75இல் 1, 2, 4, 6 என்று தேர்வுகள், பவர் போட்டதும் 1. மோட்டாரோ ரிலேயோ பக்கத்தில் இருந்தால் ஒற்றை அளவீடு தவறிப்போவது சகஜம், 2 அல்லது 4 வையுங்கள். தாமதம் எவ்வளவு என்பது சிப்பின் அளவீட்டு வேகத்தைப் பொறுத்தது: 100 மில்லிசெகண்டுக்கு ஒரு அளவீடு என்றால் 6க்கு 0.6 வினாடி, டிஎம்பி102 மாதிரி வினாடிக்கு நான்கு அளவீடு எடுக்கும் சிப்பில் அதே 6க்கு ஒன்றரை வினாடி. போர்டின் வெப்பம் ஏறும் வேகத்துக்கு இது பெரும்பாலும் ஒன்றுமில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க சிப்பை ஷட்டவுனில் போட்டுவிட்டு ஓஎஸ் காலை நம்பியிருப்பதுதான் உண்மையான ஆபத்து. ஷட்டவுனில் அளவீடே நடக்காது, பிறகு எதை ஒப்பிடுவது?

அடுத்து, காலின் துருவம், அதாவது சூடு என்பதைக் காட்டுவது கீழ் நிலையா மேல் நிலையா என்பது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வடிவமைப்புகளில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஓஎஸ் கால் ஓப்பன் டிரெயின். அது கீழே இழுக்கும் அல்லது சும்மா விடும், மேலே தள்ளாது. மேலே கொண்டுபோவது புல்-அப் ரெசிஸ்டர். பவர் போட்டதும் இருக்கும் நிலையில் கீழே என்றால் சூடு, மேலே என்றால் சுகம். இப்போது சிப்பின் பவர் போய்விட்டது, அல்லது கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் மேலே நிற்கும். "எல்லாம் சுகம்." செத்துப்போன காவலாளியும் சுகம் என்றுதான் சொல்கிறான்.

கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரில் துருவத்தைத் திருப்பும் பிட் ஒன்று இருக்கிறது. திருப்பிவிட்டால் சிப் உயிரோடு இருந்து, சூடும் இல்லாத வரைக்கும் காலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும், சூடானால் விட்டுவிடும். கம்பி அறுந்தாலும் பவர் போனாலும் லைன் தானாக "சூடு" பக்கம் போய்விடும். ஒற்றை சென்சாருக்கு எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டு இடைஞ்சல் உண்டு. பவர் போட்டு நீங்கள் அந்தப் பிட்டை எழுதும் வரை லைன் மேலேதான் இருக்கும், அந்தச் சில மில்லிசெகண்டை நிரல் பொறுத்துக்கொள்ள வேண்டும். பல சிப்களை ஒரே லைனில் சேர்க்கவும் முடியாது: கீழே இழுப்பது சூடு என்றால் யாராவது ஒருவர் இழுத்தாலே போதும், ஆனால் திருப்பிய துருவத்தில் எல்லாருமே விட்டால்தான் லைன் மேலே போகும். அதாவது எல்லா சிப்பும் சூடானால்தான் தெரியும், கிட்டத்தட்ட பயனே இல்லை. புல்-அப்பை எந்த சப்ளையில் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். கன்ட்ரோலர் விழித்திருக்கும்போது அணைந்துபோகும் சப்ளையில் கட்டினால் பொய் இன்டரப்ட் நிச்சயம். ரெசிஸ்டரின் மதிப்பை ரொம்பக் குறைக்கவும் வேண்டாம். கால் இழுக்கும் மின்னோட்டம் சிப்பையே கொஞ்சம் சூடாக்கும், அது அளக்கும் எண்ணில் கலந்துவிடும்.

ஒரே லைனில் பல சிப் என்றால் இழுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய எல்எம்75இல் அதற்கு வழி கிடையாது, ஒவ்வொன்றாகப் படித்து எண்ணைப் பார்க்க வேண்டியதுதான். எஸ்எம்பஸ் அலர்ட் வசதி இருக்கும் சிப்களில், உதாரணமாக டிஎம்பி75, இதற்கென்று ஒரு பொது முகவரி இருக்கிறது, தசமத்தில் 12. அந்த முகவரியில் ஒரு பைட் படித்தால், லைனை இழுத்துக்கொண்டிருக்கும் சிப் தன் முகவரியைச் சொல்லும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சின்ன முகவரிக்காரர் ஜெயிப்பார், தோற்றவர் லைனை விடாமல் பிடித்திருப்பார், அடுத்த தடவை படிக்கும்போது அவர் முறை. இனி யாரும் பதில் சொல்லவில்லை என்று ஆகும் வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சிப்புக்குச் சிப் பழக்கம் வேறு. எல்எம்90 குடும்பத்தில் சூடு நீடிக்கும் வரை அலர்ட் லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சிப்கள் இருக்கின்றன. அவை எஸ்எம்பஸ் அலர்ட்டைச் சரியாகச் செய்வதில்லை என்று லினக்ஸின் எல்எம்90 டிரைவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அலர்ட் வந்ததும் அந்த டிரைவர் சிப்பின் அலர்ட் வெளியீட்டையே அணைத்துவிட்டு, நிலைமை சரியானதும் திரும்ப இயக்குகிறது. லைனைப் பகிர்ந்தால் நீங்களும் அதே உத்தியைப் பின்பற்றலாம்.

பழைய மதர்போர்டு கண்காணிப்பு சிப்களின் டேட்டாஷீட்டைப் புரட்டினால் இன்னும் வகைகள் கிடைக்கும். வின்பாண்ட் சிப்களில் இரண்டு எல்லையிலும் இன்டரப்ட் தரும் மோடு, ஏற்றத்தில் மட்டும் தரும் மோடு என்று தனித்தனியாக உண்டு. எல்எம்78இல் கீழ் வரம்பை 127 என்று வைத்தால் அது கம்பரேட்டர் மோடுக்குப் போய்விடும், அதற்கென்று தனி பிட் கிடையாது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு சிப்பின் டிரைவரை அடுத்ததற்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இதையெல்லாம் குறிப்பிடுகிறேன்.

சரி, எந்த மோடு? காலின் மறுமுனையில் இருப்பது நிரலா வன்பொருளா என்பதைப் பொறுத்தது. விசிறியை ஓட்டும் டிரான்சிஸ்டர், பவர் சப்ளையின் எனேபிள் என்று நேராக ஒரு சர்க்யூட்டுக்குப் போகிறதென்றால் கம்பரேட்டர்தான், வேறு பேச்சே இல்லை. யாரும் படிக்காவிட்டால் இன்டரப்ட் மோடில் லைன் ஒரு தடவை இறங்கி அப்படியே நின்றுவிடும். எல்எம்75 பவர் போட்டதும் கம்பரேட்டர் மோடில், 80 மற்றும் 75 டிகிரி வரம்புகளோடு எழுவதும் இதற்காகத்தான். ஐ2சி பக்கமே போகாமல் தனியாகவே தெர்மோஸ்டாட்டாக வேலை செய்யும். மறுமுனையில் நிரல் என்றால், லைனில் ஒரே சிப்தான் என்றால், கம்பரேட்டரும் இரண்டு எட்ஜும் போதும், அதையே உங்களுக்கும் சொல்வேன். படிப்பதால் எதுவும் மாறாது, காலைப் பார்த்தாலே இப்போதைய நிலை தெரியும், ரீசெட் ஆனாலும் குழப்பமில்லை. பல சிப்கள் ஒரே லைனில் இருந்து, ஒன்று சூடாகவே இருக்கும்போது அடுத்ததன் நிகழ்வும் தெரிய வேண்டுமானால் மட்டும் இன்டரப்ட் மோடுக்குப் போங்கள்.

எந்த மோடாக இருந்தாலும், போர்டு கருகாமல் காப்பது நிரலின் பொறுப்பாக மட்டும் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பக்கம் இதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள். இன்டெல் பிராசஸர்களில் புரோச்ஹாட் என்ற சிக்னல் வேகத்தைக் குறைக்கும் நிலை. தெர்ம்ட்ரிப் என்பது அதற்கும் மேல், அது வந்தால் எந்த மென்பொருளையும் கேட்காமல் பவர் அணைய வேண்டும். பென்டியம் 4 காலத்து ஆவணங்களில் அரை வினாடிக்குள் என்று கெடு வைத்திருந்தார்கள். மெமரி மாட்யூல்களுக்கான ஜெடெக் (மெமரித் தரங்களை வகுக்கும் அமைப்பு) சென்சார் விதிமுறையிலும் மேல், கீழ் வரம்புகளுக்கு மோடைத் தேர்வு செய்யலாம், ஆனால் மூன்றாவதான கிரிட்டிக்கல் வரம்பைத் தாண்டினால் ஈவென்ட் கால் (அந்த சென்சாரின் எச்சரிக்கைக் கால்) கம்பரேட்டர் மாதிரிதான் நடக்கும். படித்து அமைதிப்படுத்த முடியாது, சூடு இறங்கினால்தான் விடும். வரம்புகளைப் பூட்டிவைக்கும் பிட்டும் உண்டு, தறிகெட்டு ஓடும் நிரல் அவற்றை மாற்றிவிடாமல் இருக்க. உங்கள் போர்டில் இரண்டாவது சென்சாருக்கு இடமிருந்தால் ஒன்றைக் கம்பரேட்டராக விட்டு, 85 மாதிரி ஒரு வரம்பு வைத்து, நேராகப் பவரை வெட்டும்படி கட்டிவிடுங்கள். இடமில்லையென்றால் அலர்ட்டுக்கும் கிரிட்டிக்கலுக்கும் தனித்தனிக் கால் கொண்ட எல்எம்90 வகைக்குப் போகலாம். அப்படி வெட்டும் சர்க்யூட் சென்சாரின் சப்ளையையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் விடுபட்டு எல்லாம் திரும்ப எழுந்து, அணைந்து, எழுந்து கொண்டிருக்கும்.

சோதிப்பதற்குச் சூடாக்கும் துப்பாக்கி வேண்டாம், முதலில் வரம்பை நகர்த்துங்கள். இப்போதைய வெப்பநிலைக்கு இரண்டு டிகிரி கீழே மேல் வரம்பையும் அதற்கும் கீழே மற்றதையும் வைத்தால் ஓரிரு அளவீட்டுக்குள் கால் இறங்க வேண்டும். இன்டரப்ட் மோடில் படித்ததும் ஏற வேண்டும். பிறகு இரண்டு வரம்பையும் இப்போதைய வெப்பநிலைக்கு மேலே தூக்குங்கள், மேல் வரம்பை முதலில். "ஆறிவிட்டது" என்ற சிக்னல் வர வேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் கம்பியும் நிரலும் சரி. கன்ட்ரோலரை நடுவில் ரீசெட் செய்து இதையே ஒரு தடவை செய்யுங்கள். அப்புறம் கடைசியாக உண்மையான சூட்டோடு ஒரு தடவை பாருங்கள், சுடும் உறுப்பு 70ஐத் தொடும்போது சென்சார் எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்துகொள்ள. அது சில டிகிரி பின்தங்கியிருந்தால் உங்கள் 70 என்ற வரம்பை அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.